சனிக்கிழமை வரைக்கும் கதவு திறந்திருக்கட்டும்

பெல் ரிவ், லூசியானா
1931 நவம்பர் 15, ஞாயிறு

பெருமதிப்புக்குரிய கொம்பேர் நூமா அவர்களுக்கு,

எல்மீர் கிட்ரோ மரியாதையோடு எழுதுவது. தலைநகரில் தாங்களும் மார்செலின் அம்மாளும் சுகமாக இருக்க வேண்டும் என்று இன்று காலைப் பூசையில் வேண்டிக்கொண்டேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகப் பொய் எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

உங்கள் ஞானமகள் நோயெமிக்கு மேல்வரிசை முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் தபால் பெட்டி மாதிரி இருக்கிறாள். போன ஈஸ்டருக்கு நீங்கள் கொடுத்த கினிக்கோழி முட்டையை இன்னும் பெட்டியில் பஞ்சு சுற்றி வைத்திருக்கிறாள். கோவில் முற்றத்தில் முட்டை மோதும் விளையாட்டில் அத்தனை பிள்ளைகளின் கோழி முட்டைகளையும் உடைத்த முட்டையாயிற்றே. "பரேன் குடுத்தது. உடையவே உடையாது" என்று தன் ஞானத்தந்தையின் முட்டையை வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுவாள். இப்போது காட்டுவதற்கு யாரும் வருவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் எழுதுவது என் வீட்டுக்காரர் இலேருக்குத் தெரியாது. தெரிந்தால் பேனாவைப் பிடுங்கிவிடுவார். "கொம்பேருக்கு ஆயிரம் வேலை. நம்ம தொல்லை வேறயா? அவருக்கே தெரியும், அவரே செய்வாரு." மூன்று வாரமாக இதுதான் அவர் பாட்டு. வக்கீல் வேறு மாதிரிச் சொல்கிறார். வக்கீல் என்றால் பெரிய ஆள் இல்லை. இருபத்தாறு வயதுப் பையன், காசு வாங்காமல் வந்திருக்கிறான். நடந்ததை எல்லாம் வரிசையாக எழுதி உங்களுக்கு அனுப்பச் சொன்னான். நீங்கள் மறந்திருப்பீர்கள் என்று அல்ல. எழுதினால் எனக்காவது புரியுமா என்று பார்க்கிறேன்.

எட்டு வருடத்துக்கு முன்னால் இலேர் உங்கள் மைத்துனர் அதேமாவின் நெல் ஆலையில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார். நீங்கள் செனட்டர் ஆன வருடம், மாநிலச் சாலை வாரியத்தின் பணத்தை எங்கள் ஊர் விவசாயிகள் வங்கிக்குத் திருப்பிவிட்டீர்கள். அதற்கு முன்னால் அந்த வங்கியில் கோழி நுழைந்தால்கூட விரட்ட ஆள் இல்லை. சாலைப் பணம் வந்ததும் வாசலுக்கு இரண்டு தூண் வந்தது, இலேருக்கு மானேஜர் நாற்காலி வந்தது. அடுத்த வருடம் நோயெமி பிறந்தாள். ஞானஸ்நானத் தொட்டிக்கு மேல் அவளை ஏந்தி நிற்க நீங்களே வந்தீர்கள். ஊரே வாய் பிளந்து பார்த்தது. அன்று முதல் நீங்கள் எங்களுக்குச் செனட்டர் இல்லை, பிள்ளையை ஏந்தியவர், கொம்பேர். கூடப் பிறந்தவனோடு சண்டை போடலாம், கொம்பேரிடம் முகம்கூடச் சுளிக்கக் கூடாது என்றுதான் எங்களை வளர்த்தார்கள். உங்களையும் அப்படித்தான் வளர்த்திருப்பார்கள்.

பிறகு நீங்கள் அனுப்பியவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சரளைக் கல் காண்டிராக்டர் வந்தார். பாலம் கட்டுகிறவர் வந்தார். அதேமா ஆலைக்குப் புது இயந்திரம் வேண்டும் என்று வந்தார். எல்லார் வாயிலும் உங்கள் பெயர் இருந்தது, ஈடாக வைக்க ஒன்றும் இல்லை. இலேர் கடன் கொடுத்தார். யூஜெனி சோன்யேயின் வீட்டுக்காரர் நீர் இறைக்கும் பம்பு வாங்கக் கடன் கேட்டபோது மூன்று பேர் கையெழுத்துக் கேட்டவர் இதே இலேர். உங்கள் ஆட்களிடம் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். போன வருடம் நெல் விலை படுத்தது. இந்த வருடம் படுத்ததற்கும் கீழே போய்விட்டது. உங்கள் ஆட்கள் ஒருவரும் திருப்பிக் கட்டவில்லை.

அக்டோபர் 22, வியாழக்கிழமை மதியம். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தொலைபேசியில் எங்கள் வீட்டு மணி அடித்தது: இரண்டு நீள மணி, ஒரு குட்டை மணி. நான்தான் எடுத்தேன். நோயெமிக்குப் பல் விழுந்ததா என்று கேட்டீர்கள். அப்புறம் இலேரிடம் கொடுக்கச் சொன்னீர்கள். உங்கள் குரல் மேடைக் குரல் ஆயிற்றே, பக்கத்தில் நின்ற எனக்கு ஒரு சொல் தப்பாமல் கேட்டது. "சனிக்கிழமை வரைக்கும் கதவு திறந்திருக்கட்டும் இலேர். திங்கக்கிழமை சாலைப் பணம் வந்துரும், நான் பொறுப்பு. அறுவடைக் காசோட ஜனங்க வர்ற நாளு. அன்னிக்குப் பூட்டிட்டா ஜனவரியில எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் ஓட்டுக் கேப்பேன்? எல்மீரையும் வரச் சொல்லு. ஞாயித்துக்கிழமைத் தொப்பியப் போட்டுக்கிட்டு வந்து எல்லார் முன்னாடியும் பணம் போடட்டும்."

அவர் தொலைபேசியை மாட்டியதும் நான் சொன்னேன், இதையே ஒரு தந்தியாக அடிக்கச் சொல்லுங்கள் என்று. ஒரே ஒரு தந்தி. இலேர் கரண்டியைக் கீழே வைத்தார். "கொம்பேர்கிட்டக் காகிதம் கேக்கறதா? என் பிள்ளைய ஏந்துன மனுசன்கிட்டயா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா எல்மீர்?" நானும் வாயை மூடிக்கொண்டேன். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அதைத்தான் இப்போது நினைத்து நினைத்துச் சாகிறேன்.

சனிக்கிழமை வங்கியில் நிற்க இடம் இல்லை. பாதிப் பேர் பணம் எடுக்க வந்தவர்கள் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. செர்ரிப் பழம் வைத்த பச்சைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு நான் வரிசையில் நின்றேன். அப்பா எனக்கு விட்டுப்போன மாடுகளை விற்ற பணம் கையில் இருந்தது. "வீட்டுல வச்சா இன்னொரு தொப்பி வாங்கிருவேன்னு பயந்து என் புருசன் இங்க கொண்டாந்து போடச் சொல்றாரு" என்று சத்தமாகச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். எடுக்க வந்தவர்களில் பலர் கணக்குப் புத்தகத்தை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்கள். எனக்குப் பின்னால் அதே யூஜெனி சோன்யே நின்றிருந்தாள். அவள் எடுக்கக்கூட வரவில்லை, போட வந்திருந்தாள்.

பதினொரு மணிக்கு அதேமா பின்வாசல் வழியாக இரண்டு தோல்பையோடு வந்து தன் பணம் அத்தனையையும் எடுத்துக்கொண்டு போனார். உங்கள் மைத்துனரிடம் இல்லை என்று இலேர் எப்படிச் சொல்வார்? முன்வாசலில் நான் போட்ட மாட்டுப் பணம் பின்வாசலில் அவர் பைக்குள் போயிருக்கும். திங்கட்கிழமை சாலைப் பணம் வரவில்லை. தலைநகரிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். கதவில் சங்கிலி போட்டார்கள். புதன்கிழமை ஷெரிப் வந்து இலேரைக் கூட்டிப்போனார். வங்கி மூழ்குவது தெரிந்தே ஜனங்களிடம் பணம் வாங்கினார் என்பது குற்றமாம். என் அண்ணன் தன் நிலத்தை ஜாமீனாக எழுதிக் கொடுத்து அவரை வெளியே கொண்டுவந்தார்.

சகல புனிதர் திருநாளுக்குக் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனேன். வருடா வருடம் ஒரே வாளிதான் கை மாறி வரும், உங்களுக்குத் தெரியும். இந்த வருடம் அது எங்கள் அப்பா கல்லறைக்கு முந்திய கல்லறையோடு நின்றுவிட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்கள், அவ்வளவுதான். அப்பாவின் கல்லறை இந்த வருடம் பச்சைப் பாசியோடு நிற்கிறது.

கொம்பேர், நான் பணம் கேட்கவில்லை. ஒரே ஒரு வரி போதும். திறந்து வைக்கச் சொன்னது நான்தான் என்று நீங்கள் நீதிபதிக்கு எழுதினால் இலேர் வீட்டில் இருப்பார். எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்கிறான் வக்கீல். இலேரால் ஐந்து வருடம் தாங்க முடியாது. அவருடைய நெஞ்சு எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

மார்செலின் அம்மாளுக்கு என் வணக்கம். கடவுள் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுள் கொடுக்கட்டும்.

தங்கள் ஞானமகளின் தாய்,
எல்மீர்


பெல் ரிவ்
1932 ஜனவரி 3, ஞாயிறு

மதிப்புக்குரிய கொம்பேர் அவர்களுக்கு,

புத்தாண்டு ஆசிகளோடு எல்மீர் எழுதுவது. நீங்கள் அனுப்பிய ஒரு பெட்டி ஆரஞ்சும் பொம்மையும் வந்து சேர்ந்தன. நன்றி. பொம்மை கண்ணை மூடித் திறக்கிறது. நோயெமி அதற்கு உங்கள் பெயரையே வைத்திருக்கிறாள். பெண் பொம்மைக்கு நூமா என்று வைக்கலாமா என்று கேட்டேன், வைக்கலாம் என்கிறாள்.

நவம்பரில் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. புத்தாண்டன்று ஞானப்பிள்ளைகள் ஞானத்தந்தை வீட்டுக்குப் போக வேண்டும், அல்லது அவர் வர வேண்டும். நோயெமி விடிந்ததிலிருந்து வாசலில் நின்றாள். உங்கள் கார் சத்தம் கேட்டு ஓடினாள். இறங்கியது உங்கள் டிரைவர் கிளெபேர். அந்த மனிதன் என் சமையலறையில் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கம்போக் குழம்பு ஊற்றிச் சோறு வைத்தேன், தொடவில்லை. "செனட்டர் சொல்லச் சொன்னாரு. தேர்தல் முடியட்டும், மறுநாளே எல்லாத்தையும் சரி பண்ணிருவாராம். அதுவரைக்கும் இலேர் வாயத் தொறக்கக் கூடாதாம்." எழுத்தில் ஏதாவது கொடுத்தாரா என்று நான் கேட்டேன். கிளெபேர் தரையைப் பார்த்தான். "ஆரஞ்சு குடுத்தாரு" என்றான்.

இலேர் அழுதுவிட்டார். வருத்தத்தில் அல்ல, சந்தோஷத்தில். "பாத்தியா? பாத்தியா எல்மீர்? நான் சொன்னேன்ல?" என்று சொல்லிக்கொண்டே கிளெபேர் தொடாத தட்டையும் சேர்த்துச் சாப்பிட்டார். இரண்டு மாதத்தில் அவர் வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். அதற்காக உங்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். சொல்கிறேன்.

கொம்பேர், தேர்தல் ஜனவரியில். விசாரணை மார்ச்சில். இரண்டுக்கும் நடுவில் நிறைய நாட்கள் இருக்கின்றன, அதைத்தான் இலேர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். நானும் எண்ணுகிறேன். நான் எண்ணுவது வேறு. ஊரில் சனிக்கிழமைதோறும் முறை வைத்துப் பன்றி வெட்டுகிறார்கள் அல்லவா? எங்கள் முறைக்கு இரண்டு வருடமாகக் கொழுத்த பன்றியைக் கொடுத்திருக்கிறோம். வங்கி பூட்டியதிலிருந்து பத்துச் சனிக்கிழமை ஆயிற்று, எங்கள் வீட்டுக்குப் பங்கு வரவில்லை. கேட்டுப் போக எனக்கு வாய் இல்லை. அவர்கள் பிள்ளைகளுக்குக் குளிருக்குக் காலணி இல்லாததும் என் தொப்பியால்தானே.

ஒரே ஒரு ஆள் வந்தாள், யூஜெனி சோன்யே. கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் ஒரு கிண்ணத்தைத் துணியால் மூடிக்கொண்டு பின்பக்கமாக வந்தாள். திறந்து பார்த்தால் அவள் வீட்டுப் பங்கில் பாதி, ரத்தத் தொத்திறைச்சி. எங்கள் தொலைபேசிக் கம்பியில் ஆறு வீட்டுக்கும் ஒரே லைன், மணி மட்டும் வீட்டுக்கு ஒரு விதம், யூஜெனி எடுத்து ஒட்டுக் கேட்பாள் என்பது ஊர் அறிந்த விஷயம். அவள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் இழுத்து இழுத்து அடிக்கும், அந்தச் சத்தம் கேட்டால் அவள் கேட்கிறாள் என்று அர்த்தம். நீங்கள் பேசிய அன்றும் நான் தொலைபேசியை எடுத்தபோது அந்தக் கடிகாரம் என் காதில் கேட்டது. அப்போது சிரித்துக்கொண்டேன்.

"நான் கேட்டேன் எல்மீர். அந்தாளு திங்கக்கிழமை பணம் வரும்னு சொன்னதக் கேட்டேன். கேட்டதாலதான் போட்டேன். என் தங்கச்சிகிட்டயும் சொல்லி, அவ அரிசி வித்த காசையும் சேத்துப் போட்டேன். செனட்டர் வாயால கேட்டத நம்பாம வேற யார நம்புறது?" என்றாள். கோர்ட்டில் இதைச் சொல்வாயா என்று கேட்டேன். அவள் கிண்ணத்துத் துணியை மடித்தாள், மறுபடி பிரித்து மடித்தாள். "ஒட்டுக் கேக்கறவன்னு ஊரே சிரிக்கும். அது போகட்டும். என் மகன் ஓவீத் ரோடு போடற வண்டி ஓட்டறான். அந்த வேலை யார் குடுத்ததுன்னு உனக்குத் தெரியாதா?" என்றாள். எனக்குத் தெரியும். இந்த ஊரில் வேலை இருக்கிற எல்லாருக்கும் யார் கொடுத்தது என்று தெரியும்.

அதனால்தான் மறுபடி எழுதுகிறேன். அந்தக் கிழவியைச் சாட்சிக் கூண்டில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். தேர்தல் முடிந்த பிறகாவது நீங்களே வாருங்கள். ஊருக்குத் தெரியாமல் வந்து நீதிபதியிடம் தனியாகச் சொன்னாலும் போதும். இலேர் உங்களுக்காக வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறார். மூடிய வாய்க்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆரஞ்சுகளை நோயெமி எண்ணி எண்ணித் தினம் ஒன்று தின்கிறாள். தேர்தல் நாள் வரைக்கும் வரும் என்று நினைக்கிறேன்.

கடவுள் உங்களை நல்ல வழியில் நடத்தட்டும்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
எல்மீர்


பெல் ரிவ்
1932 மார்ச் 20, குருத்தோலை ஞாயிறு

செனட்டர் நூமா கஸ்தீல் அவர்களுக்கு,

நீங்கள் ஜெயித்த செய்தி இங்கே பத்திரிகைக்கு முன்னால் வந்துவிட்டது. அதேமா ஆலையின் ஊதலை அரை மணி நேரம் விடாமல் ஊதினார்கள். இலேர் சட்டை மாற்றிக்கொண்டு தொலைபேசிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மறுநாள் என்று சொன்னீர்களே, மறுநாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். அந்த வாரம் முழுக்க உட்கார்ந்திருந்தார். ஐந்து வீட்டு மணியும் அடித்தது, எங்கள் மணி அடிக்கவில்லை. பிப்ரவரியில் காசு கட்டவில்லை என்று கம்பியையே அறுத்துவிட்டுப் போனார்கள். அதற்கப்புறமும் அவர் அந்த நாற்காலியை நகர்த்தவில்லை.

விசாரணை பத்தாம் தேதி நடந்தது. என்ன நடந்தது என்று உங்களுக்கு உங்கள் ஆட்கள் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்லாததை நான் சொல்கிறேன்.

என்னைச் சாட்சி சொல்ல விடவில்லை. மனைவி சொல் செல்லாதாம். வக்கீல் பையன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அப்போது பின்வரிசையில் யூஜெனி சோன்யே எழுந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கணவனை அடக்கம் பண்ணிய அன்று கட்டிய கறுப்பு உடையைக் கட்டியிருந்தாள். "நான் கேட்டேன் ஐயா. போன்ல கேட்டேன். தெறந்து வைக்கச் சொன்னது செனட்டர்" என்றாள். அரசாங்க வக்கீல் சிரித்துக்கொண்டே, "அடுத்தவங்க பேசறத நீங்க தினமும் கேப்பீங்களா அம்மா?" என்றார். "தினமும்" என்றாள் யூஜெனி. "ஞாயித்துக்கிழமை மட்டும் பூசைக்குப் போறதால ரெண்டு மணி நேரம் விட்டுப்போயிரும்." கோர்ட்டே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அது செனட்டர் குரல்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். "பன்னெண்டு வருசமாக் கோவில் படியில நின்னு கத்தறாரு, எனக்குத் தெரியாதா?" என்றாள். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் இந்த முறை சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. ஜூரியில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். அந்த ஒரு நிமிடம் எனக்கு மூச்சு வந்தது.

அப்புறம் உங்கள் வாக்குமூலத்தை வாசித்தார்கள். அந்த வாரம் குற்றம் சாட்டப்பட்டவரோடு நான் தொலைபேசியில் பேசவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கீழே உங்கள் கையெழுத்து. நான்கு மாதமாக ஒரு வரி எழுதுங்கள் என்று கெஞ்சினேன். நீங்கள் எழுதிய வரி அது.

நீதிபதி இலேரைப் பார்த்து நேரடியாகக் கேட்டார்: "பேசினது யாரு? நீ சொல்லு." நான் இலேரையே பார்த்தேன். இலேர் எழுந்து நின்று, தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "லைன் சரியில்லைங்க. யாருன்னு என்னால சொல்ல முடியல. நான்தான் தப்பா நினைச்சிருப்பேன்."

யூஜெனி இன்னும் உட்காரவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தாள். எங்கள் வீட்டுக்குத் தன் பங்கில் பாதி இறைச்சியை மறைத்துக்கொண்டு வந்தவள், மகன் வேலையைப் பணயம் வைத்து எழுந்தவள், அவளை அத்தனை பேர் முன்னால் பொய்க்காரி ஆக்கிவிட்டார் என் கணவர். அவள் அவரைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "சரிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஜூரி கால் மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து வருடம்.

கூட்டிப்போவதற்கு முன்னால் வராந்தாவில் இரண்டு நிமிடம் பேச விட்டார்கள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். ஷெரிப்பே முகத்தைத் திருப்பிக்கொண்டார். இலேர் சொன்னது இதுதான், ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்: "நோயெமிய ஏந்துன கைய நான் எப்படிக் கோர்ட்டுல இழுக்கறது எல்மீர்? அந்தக் காகிதத்த அவரு அரசியலுக்காக எழுதியிருப்பாரு. மனசுல அப்படி இருக்காது. வாய மூடிக்கிட்டு இருன்னாரு, இருந்தேன். இனிமே அவர் பாத்துக்குவாரு." உங்கள் வாக்குமூலத்தை வாசித்ததைக் கேட்டபிறகும் சொன்னார், செனட்டர் அவர்களே. கேட்டபிறகும்.

உங்களை நான் வெறுக்கிறேன். மறைப்பதற்கு ஒன்றும் இல்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் உங்களைவிட அதிகமாக என்னை வெறுக்கிறேன். அன்று மதியம் தந்தி கேட்டுவிட்டு, வெட்கப்பட்டு வாயை மூடிய என்னை. சனிக்கிழமை அந்தத் தொப்பியோடு நின்று சிரிக்கவைத்த என்னை. அந்தத் தொப்பியை அடுப்பில் போட்டுவிட்டேன். செர்ரிப் பழங்கள் கண்ணாடியாம், எரியவில்லை. சாம்பலை வழிக்கும்போது தினமும் ஒன்றிரண்டு கையில் படுகிறது.

விசாரணைக்கு மறுநாளே ஓவீத் சோன்யேயை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போகச் சொன்னார்களாம். ஜாமீன் பத்திரத்தை என் அண்ணனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அது ஒன்றுதான் இந்த மாதம் எங்களுக்குத் திரும்பி வந்தது. ஏலத்துக்கு வந்த நிலங்களை அதேமா ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டிருக்கிறார். எந்தப் பணத்தில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இலேரை நேற்றுப் பார்த்துவிட்டு வந்தேன். சிறைப் பண்ணையில் கரும்பு நடவுக்கு விட்டிருக்கிறார்கள். வாழ்நாளில் பேனாவைத் தவிர ஒன்றும் பிடிக்காத கை. விரல் மடங்கவில்லை, ரொட்டியை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துத் தின்றார். இரண்டு வாக்கியத்துக்கு ஒரு தரம் மூச்சு வாங்க நின்றார். ஐந்து வருடத்தை அவர் முடிக்க மாட்டார். அதை அவர் முகத்தைப் பார்த்த யாரும் சொல்லிவிடுவார்கள். புறப்படும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "கொம்பேர்கிட்ட இருந்து ஏதாவது வந்துச்சா?"

வந்தது என்று சொன்னேன். பொய் சொன்னேன். விரைவில் வருவதாக எழுதியிருக்கிறார் என்றேன். அவர் சிரித்தார். இனி ஒவ்வொரு மாதமும் அந்தப் பொய்க்கு ஒரு வரி சேர்க்க வேண்டும்.

கவர்னர் இன்று உங்கள் சொல்லைத் தட்டுவதில்லை என்று பத்திரிகை எழுதுகிறது. மன்னிப்புக் காகிதம் அவர் மேஜையில் ஒரு கையெழுத்துத்தான். அதை நான் கேட்கிறேன். உங்களை வெறுக்கிறேன் என்று எழுதிய அதே கையால் கேட்கிறேன். இலேர் இதை ஒருநாளும் கேட்க மாட்டார், எனக்கு இனிமேல் வெட்கம் இல்லை. ஓவீத்துக்கு அவன் வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்றும் கேட்கிறேன். அவன் அம்மா சொன்னது பொய் இல்லை என்று இந்த உலகத்தில் உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

வருகிற ஞாயிறு ஈஸ்டர். முட்டை மோத பரேன் வருவாரா என்று நோயெமி கேட்கிறாள். புது முட்டை கொண்டுவராவிட்டாலும் பரவாயில்லை, பழைய முட்டை இருக்கிறது என்கிறாள். அப்பா எங்கே என்று பள்ளியில் பிள்ளைகள் கேட்டதற்கு, "பரேனக் கூப்பிட்டு வரப் போயிருக்காரு" என்று சொல்லியிருக்கிறாள். நான் திருத்தவில்லை.

கடைசியாக ஒன்று. ஞானஸ்நானத்தை அழிக்க வழி இருக்கிறதா என்று சாமியாரிடம் கேட்டேன். இல்லை என்றார். நீங்கள் அவளை ஏந்தியது ஏந்தியதுதான், சாகிறவரைக்கும். தினமும் மாலைச் செபத்தில் அவள் முழங்காலில் நின்று, அப்பாவுக்காக வேண்டிக்கொள்கிறாள், எனக்காக வேண்டிக்கொள்கிறாள், மூன்றாவதாக உங்கள் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்கிறாள். ஒவ்வொரு பெயருக்கும் நான் ஆமென் சொல்ல வேண்டும். மூன்றாவது பெயர் வரும்போது என் வாய் திறப்பதில்லை. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கிறாள். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து உங்கள் பெயரை மறுபடி சொல்கிறாள். பிறகு அவளே எனக்கும் சேர்த்து ஆமென் சொல்லிக்கொள்கிறாள்.

கொம்பேர், நான் அதைச் சொல்லும்படி செய்யுங்கள்.

எல்மீர்